கரீஸ் ஃபவுண்டன்: ஊற்றின் மேல் ஒரு கால்பந்துத் திடல்

கல்லூரியைப் பற்றி இந்த மலரில் எழுத ஆள் நிறைய உண்டு. ஆசிரியர்களைப் பற்றியும் நாடக மேடையைப் பற்றியும் ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். பக்கத்தில் கிடக்கும் திடலைப் பற்றி எழுதுவோர் குறைவு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உயர்நிலைப் பள்ளியாக நடக்கும் சாஸ்திரி கல்லூரியில் படித்த எவருக்கும் கரீஸ் ஃபவுண்டன் திடலைத் தள்ளிவைத்துப் பள்ளி நாட்களை நினைக்க முடியாது. லண்டனிலோ டொரண்டோவிலோ பெர்த்திலோ நம்மவர்கள் கூடும்போதெல்லாம், "திடலுக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. உடனே வரும் யோசனை, கூரை போட்ட புதிய பார்வையாளர் மாடம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த இடத்துக்கு முதல் தேவை மாடமில்லை, வடிகால். ஏன் என்று புரிய, அந்த நிலம் எப்படிப்பட்டது, அது எப்படி நம் கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

டர்பன் நகருக்குப் பின்னால் நீளமாக எழும் பெரேயா மேடு பாறை மலையல்ல. பழங்காலக் கடற்கரை மணற்குன்று அது. மணலில் உள்ள இரும்பு துருப்பிடித்துத்தான் அந்தச் செந்நிறம். மேட்டில் விழும் மழை வழிந்தோடுவதைவிட உள்ளே இறங்குவதே அதிகம். கீழே நீர் இறங்காத அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து, மேட்டின் அடிவாரத்தில் கசிந்து வெளிவரும். மேட்டுக்கும் நகருக்கும் நடுவே இருந்த தாழ்நிலம் முழுவதும் அந்தக் காலத்தில் சதுப்பு. கிரேவில் குதிரைப் பந்தயத் திடல்கூட அந்தத் தாழ்நிலத்தில்தான் கிடக்கிறது. சரிவில் 1851 முதல் தாவரவியல் பூங்கா இருக்கிறது. பூங்காவுக்குக் கீழே, நீர் மிக எளிதாகக் கிடைத்த இடத்தில், 1870களின் இறுதியில் நகரசபை உறுப்பினராகவும் பின்னர் மேயராகவும் இருந்த எச். டபிள்யூ. கரீ ஒரு கிணறு தோண்டுவித்தார். அதுவரை வீட்டுக் கிணற்றையும் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையும் நம்பியிருந்த நகரம், 1887இல் உம்பிலோ நீர்த்தேக்கத் திட்டம் வரும்வரை இந்த ஊற்றைக் குடித்துத்தான் வளர்ந்தது. குடிநீர்ப் பயன்பாடு போனது, பெயர் தங்கிவிட்டது. ஊற்றும் தங்கிவிட்டது. இதை மறந்துவிட்டு அந்த நிலத்தில் எதைக் கட்டினாலும் தண்ணீர் வந்து நினைவூட்டும்.

நம்மவர்கள் 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேராக வந்திறங்கினார்கள். கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தம் முடிந்து நகருக்கு வந்த தலைமுறை கால்பந்தைப் பிடித்துக்கொண்டது. 1903லேயே தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கென்று சாம் சைனா கோப்பைப் போட்டி தொடங்கிவிட்டது. மாகாணத்துக்கு மாகாணம் அணிகள் ரயிலேறிப் போய் ஆடின. 1921-22இல் நேட்டால் இந்திய காங்கிரஸ்காரரான ஆல்பர்ட் கிறிஸ்டோஃபர் தலைமையில் ஓர் அணி இந்தியாவுக்கே கப்பலேறிப் போய் மோகன் பகான் போன்ற அணிகளோடு ஆடிவிட்டு வந்தது. 1934இல் இந்தியாவிலிருந்து ஓர் அணி பதிலுக்கு இங்கே வந்தது. இவ்வளவு ஆட்டம் இருந்தும் சொந்தமாக ஒரு நல்ல திடல் இல்லை. 1920களில் டர்பன் இந்திய விளையாட்டுத் திடல் சங்கம் நகரசபையிடமிருந்து கரீஸ் ஃபவுண்டன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. கிடைத்தது அடிவார ஈரநிலம். அதைத் திடலாக்கியவர்கள் நம் மூத்தோர்.

மேட்டடிவாரத்தில் திடல் அமைப்பது சமவெளியில் அமைப்பதைப் போல அல்ல. சரிவான நிலத்தைச் சமப்படுத்த, மேல்பக்கத்தை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்புவார்கள். இரண்டு தொல்லைகள் அப்போதே பிறந்துவிடும். வெட்டிய பக்கம், மண்ணுக்குள் நகர்ந்துவரும் நீரின் பாதையைத் திறந்துவிடுகிறது. அதனால் மேட்டோரப் பக்கக்கோடு மழை நின்று பல நாள் ஆனபிறகும் நசநசவென்று கிடக்கும். நிரப்பிய பக்கமோ ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். 15 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தால் அமுக்கம் குறையும். ஒரே மூச்சில் வண்டி வண்டியாகக் கொட்டி மேலே உருளை ஓட்டினால் மேல்பகுதிதான் கெட்டியாகும். உள்ளே இளகியே இருக்கும். சில ஆண்டுகளில் கீழ்ப்பக்கத்து கார்னர் கொடி நிற்கும் இடம் ஒரு சாண் தாழ்ந்து, அங்கே குட்டை கட்டும்.

பெரேயா செம்மணலுக்கு இன்னொரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். மணல் துகள்களைச் சிறிதளவு களிமண் பிடித்துவைத்திருப்பதே காரணம். பாரம் ஏற்றிய நிலையில் நனைந்தால் அந்தப் பிடி விட்டுப்போய் மண் சட்டென்று அமுங்கும். கட்டடக்காரர்கள் டர்பனில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அஸ்திவாரம் போடுவார்கள். பார்வையாளர் மாடம் கட்டி, கூரை நீரைத் தூணடியிலேயே விழவிட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். படிக்கட்டில் முதலில் மயிரிழை விரிசல் வரும், பிறகு ஒரு பக்கம் இறங்கும். தூணில் கோளாறு தேடிப் பயனில்லை, கோளாறு கூரைத் தாரையில் இருக்கிறது. மாடம் கட்டத் துடிக்கும் நண்பர்கள் இந்த ஒன்றையாவது மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

திடல் வந்த சில ஆண்டுகளில் கல்லூரியும் வந்தது. வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார், 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாக, அதாவது பிரதிநிதியாக, தென்னாப்பிரிக்கா வந்தவர், நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ஊரூராகப் போய்ப் பணம் திரட்டினார். 1928இல் அடிக்கல், 1929இல் திறப்பு. நகரசபை கொடுத்த நிலம் திடலுக்குப் பக்கத்தில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். பள்ளிக்கு விளையாட்டிடம் தனியாகத் தேடவேண்டியிருக்கவில்லை. எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியும் 1950களில் அருகே எழுந்தது. கிரே தெருக் கடைகள், வார்விக் சந்தை, காலைச் சந்தை எல்லாம் நடந்துபோகும் தொலைவு. அதனால்தான் அந்தத் திடலுக்குக் கூட்டம் நடந்தே வந்தது. மேகசின் பேரக்ஸில் குடியிருந்த நகரசபைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், சனி ஞாயிறுகளில் அணியணியாக வந்து ஆடினார்கள், பார்த்தார்கள்.

அந்த நாளில் பருவம் திடலுக்கு உதவியாக இருந்தது. கால்பந்து குளிர்காலத்தில், கிரிக்கெட் கோடையில். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், அதாவது கோடையில். ஆக, ஆணிச்செருப்பு தரையைக் கிழிக்கும் மாதங்களில் தரை காய்ந்திருந்தது. கோடையில் நடுவே தென்னைநார்ப் பாயை விரித்து, ஓரங்களை இரும்பு ஆணியால் இழுத்துக் கட்டி கிரிக்கெட் ஆடினார்கள். பாய்க்கு அடியில் தட்டிய களிமண் பட்டை மட்டும் கால்பந்துக்குத் தொந்தரவு. அந்தப் பட்டையில் பந்து மற்ற இடத்தைவிட உயர எழும். விளிம்பில் மண் வெடித்துக் கணுக்கால் சிக்கும். குளிர்காலம் தொடங்கும்போது பட்டையின் மேல்பகுதியைக் கொத்தி, ஓரிரு அங்குலம் மணல் கலந்த மண் போட்டு மூடினால் பாதி தீரும். முழுக்கத் தீராது.

இன்றோ நிலைமை தலைகீழ். 1996இல் பிரீமியர் சாக்கர் லீக் (பி.எஸ்.எல்.) தொடங்கியபோது தேசிய லீக் ஆட்டப் பருவம் ஆகஸ்டிலிருந்து மே வரை என்று ஆனது. கீழ்மட்டப் போட்டிகளும் பல அந்தப் போக்கைப் பின்பற்றுகின்றன. மழைக்காலத்து நடுவில் ஆட்டம். அன்று குளிர்காலம் மறைத்து வைத்திருந்த குறையை இன்று கோடை அம்பலமாக்குகிறது. நம் காலத்தில் தரை நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் சேறாகிறது என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுதான் முதல் பதில்.

இரண்டாவது பதில், ஆட்டச் சுமை. அது ஏன் கூடியது என்று புரியக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1951இல் ஆப்பிரிக்க, இந்திய, கலப்பினக் கால்பந்துச் சங்கங்கள் சேர்ந்து தென்னாப்பிரிக்க சாக்கர் கூட்டமைப்பை உருவாக்கின. இனத்துக்கு ஒரு சங்கம் என்ற வழக்கத்தை உடைக்கும் முதல் பெரிய முயற்சி அது. வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அதன் தூண்களில் ஒருவர். 1961இல் இனவேறுபாடற்ற தொழில்முறை லீக்கும் தொடங்கியது. அதே ஆண்டு பிஃபா வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 1963இல் தளர்த்தி, 1964இல் மீண்டும் நீக்கி, 1976இல் வெளியேற்றியது. வெள்ளையர் சங்கத்தின் நெருக்குதலால் பல ஊர்களில் நகராட்சித் திடல்கள் இனவேறுபாடற்ற லீக்குக்கு மறுக்கப்பட்டன. திடல் இல்லாத லீக் எத்தனை நாள் நடக்கும்? 1960களின் நடுவிலேயே அது மூச்சிழந்தது. 1965இல் வந்த அரசுப் பிரகடனம், கலப்பு ஆட்டத்துக்கும் கலப்புப் பார்வையாளருக்கும் அனுமதிச் சீட்டு கேட்டது. பிறகு 1969இல் கூட்டமைப்பின் தொழில்முறை லீக் தொடங்கியபோது டர்பனில் அதன் தாய்வீடு கரீஸ் ஃபவுண்டன். மேன்னிங் ரேஞ்சர்ஸ், பெரேயா, ஏசஸ் யுனைடெட், வெருலம் சபர்ப்ஸ் என்று பெயர் சொன்னாலே நம்மில் பலருக்கு இன்றும் சண்டை வரும். 1973இல் சாகோஸ் என்ற இனவேறுபாடற்ற விளையாட்டு அமைப்பு உருவாகி, நாடு சீராகாமல் விளையாட்டு சீராகாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கூட்டமைப்பின் தலைவர் நார்மன் மிடில்டன் அதிலும் முன்னின்றார்.

வேறு திடல் இல்லையென்றால் எல்லா ஆட்டமும் ஒரே தரையில்தான் நடக்கும். இயற்கைப் புல்தரை வாரத்துக்கு ஐந்தாறு மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும் என்பது திடல் பராமரிப்போர் கைக்கணக்கு. ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வைத்தால் நான்கரை மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. மேலே பள்ளி அணிகள், பயிற்சி, தடகளம். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராது: இரு கோல் வாய்கள், நடுவட்டம், கோடு நடுவர் ஓடும் இரண்டு ஒற்றையடிப் பாதைகள். கோல் வாயில் மண் இறுகி, கிண்ணம்போல் குழிந்து, அதில் நீர் தேங்கி, கோல் காவலர் கால் வழுக்கும். அதன்மேல் மணலை அள்ளிக் கொட்டுவது எல்லாரும் செய்யும் வைத்தியம். இறுகிய மண்ணுக்கு மேல் மணல் கொட்டினால் மணல் நனைந்து கிடக்கும், அடியில் நீர் அப்படியே நிற்கும். முதலில் 10 சென்டிமீட்டர் ஆழம் முள்கரண்டியால் கிளறி, பருமணலைக் கலந்து, சமப்படுத்தி, அருகம்புல் தண்டுகளை ஒரு சாணுக்கு ஒன்றாக ஊன்றி, ஈரம் காயாமல் காக்கவேண்டும். அக்டோபர், நவம்பரில் ஊன்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மூடிவிடும். ஜூனில் ஊன்றினால் உறங்கும்.

புல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டர்பன் திடல்களில் பொதுவாக மூன்று வகை. கிக்குயு வேகமாகப் பரவும், கிழிந்தாலும் சீக்கிரம் தேறும். ஆனால் அடியில் காய்ந்த தண்டு மெத்தை சேரும். மெத்தை கனத்தால் பந்து உருளாது, மேலே விழும் மழை வேருக்கு இறங்காது. ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் வாக்கில், செங்குத்து வெட்டு இயந்திரத்தால் கீறி வாரி எடுக்கவேண்டும். அருகம்புல் தேய்மானத்தைத் தாங்கும், உயரம் 20 மில்லிமீட்டருக்குக் கீழே வெட்டலாம். நிழல் மட்டும் ஆகாது. எல்.எம். புல் என்று நம் வீட்டு முற்றங்களில் வளரும் அகல இலைப் புல் நிழலில் நன்றாக வரும், ஆணிச்செருப்பு பட்டால் போச்சு. கூரை மாடம் கட்டினால் அதன் நிழல் விழும் பட்டையில் அருகம்புல் மெலியும், எல்.எம். தேயும். மாடம் பற்றிய என் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

திடல் விளையாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 1974 செப்டம்பர் 25இல், மொசாம்பிக்கில் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ ஆட்சிக்கு வருவதைக் கொண்டாட, சாசோ என்ற மாணவர் அமைப்பும் கறுப்பர் மக்கள் மாநாடு என்ற அமைப்பும் இங்கே கூட்டம் அழைத்தன. நீதி அமைச்சர் கூட்டத்தைத் தடை செய்தார். மக்கள் தடையை மீறி வந்தார்கள். போலீஸ் நாய்களோடு கலைத்தது. தொடர்ந்து நடந்த வழக்கில் ஒன்பது பேர் 1976 டிசம்பரில் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். சத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அவர்களில் இருவர். அந்த வழக்கில் கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோ சாட்சி சொன்னார். மாடம் கட்டும் முன், அந்த நாளை நினைவூட்டும் ஒழுங்கான கல்வெட்டு ஒன்றுக்குச் செலவு செய்தாலும் நான் மறுக்கமாட்டேன்.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழு வட்டாரச் சட்டம் திடலின் மக்களைத் தூரத்துக்கு அனுப்பியது. மேகசின் பேரக்ஸ் காலியாகி அங்கிருந்தோர் சாட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள். நடந்து வந்தவர்கள் பஸ் ஏற வேண்டியதாயிற்று. 1991இல் தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கம் (சாஃபா) உருவாகிச் சங்கங்கள் ஒன்றாயின. பிஃபா திரும்பச் சேர்த்தபின் முதல் சர்வதேச ஆட்டம் 1992 ஜூலை 7இல் நம் ஊரில்தான் நடந்தது: கிங்ஸ் பார்க் அரங்கில் கேமரூனை டாக்டர் குமாலோ என்ற ஆட்டக்காரரின் பெனால்டியால் 1-0 என்று வென்றோம். பெரிய ஆட்டங்கள் அங்கே போயின, 2010க்குப் பிறகு மோசஸ் மபிடா அரங்குக்குப் போயின. 1928இல் தொடங்கிய மேன்னிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் முதல் பி.எஸ்.எல். பட்டத்தை வென்றது. கரீஸ் ஃபவுண்டனில் வேர்விட்ட கால்பந்துக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

பார்வையாளர் எண்ணிக்கை பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நம்மில் பலர் "முன்பு எத்தனை ஆயிரம் பேர் நின்றோம், இப்போது ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று வருந்துகிறார்கள். 1991 ஜனவரியில் ஆர்க்னியில் 42 பேர், 2001 ஏப்ரல் 11இல் எல்லிஸ் பார்க்கில் 43 பேர் கால்பந்து ஆட்ட நெரிசலில் மாண்டார்கள். 2010இல் விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு திடலில் எத்தனை பேர் நிற்க இடமிருக்கிறது என்று பார்த்தால் போதாது, எத்தனை பேர் வெளியேற முடியும் என்றும் பார்க்கவேண்டும். பிரிட்டனின் வழிகாட்டிக் கணக்குப்படி, சமதரையில் ஒரு மீட்டர் அகல வாசலில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர், எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே. 2.4 மீட்டர் அகலத்தில் நான்கு வாசல் இருந்தால் 6,297 பேர். ஒரு வாசலைப் பூட்டிவிட்டால் 4,723 பேர். டிக்கெட் இல்லாமல் வருவோரைத் தடுக்க ஒரு வாசலைப் பூட்டும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று இந்தக் கணக்கே சொல்லும். பழைய திடலுக்குக் கூட்டம் கூடவேண்டுமென்றால் இருக்கைகளைவிட வாசல்களில் பணம் போடுவது நல்லது.

இனி வடிகால். 105க்கு 68 மீட்டர் ஆடுதளம் 7,140 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,78,500 லிட்டர் நீர் அதன்மேல் மட்டும் விழுகிறது. இது மேலிருந்து வரும் கணக்கு. மேட்டிலிருந்து மண்ணுக்குள் வருவது வேறு. இரண்டையும் ஒரே குழாய்த் தொகுதியால் தீர்க்க நினைப்பதுதான் பல இடங்களில் நடக்கும் பிழை. முதலில் மேட்டோரமாக, ஆடுதளத்துக்கு வெளியே, நீளவாக்கில் ஓர் இடைமறிப்புக் கால்வாய் வேண்டும். கசிவு வரும் அடுக்கைத் தாண்டி ஆழமாக அதைத் தோண்டினால்தான் பயன். ஒரு மீட்டரில் நிறுத்தினால் நீர் அடியில் நழுவி உள்ளே வந்துவிடும். எவ்வளவு ஆழம் என்பதை ஊகிக்கக் கூடாது. மேட்டோரம் நாலைந்து இடத்தில் துளையிட்டு, துளைத்த குழாயை நிறுத்தி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நீர்மட்டத்தை அளந்த பிறகே தோண்டவேண்டும்.

அதற்குப் பிறகே ஆடுதளத்துக்கு அடியில் குழாய். குறுக்கே 5 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் 22 வரிசை, 68 மீட்டர் வீதம் ஏறக்குறைய 1,500 மீட்டர் குழாய். பள்ளம் 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம், 200க்கு 1 சாய்வு. அடியில் கழுவிய சிறு ஜல்லி, மேலே பருமணல், அதன்மேல் புல் வேரூன்றும் மணல்மண். பெரேயா மண்ணில் இங்கே ஒரு எச்சரிக்கை: நைஸான செம்மணலும் களியும் நீரோடு நகர்ந்து ஜல்லிக்குள் புகுந்து அடைக்கும். குழாயைச் சுற்றித் துணி சுற்றினால் துணியே அடைபடும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே சரியான பருமன் மணலை வடிகட்டி அடுக்காக வைப்பதுதான் நீடிக்கும். இரும்பு கலந்த ஊற்றுநீர் உள்ள இடத்தில் ஆரஞ்சு நிறக் கூழ் குழாயில் படியும். அதைப் பீய்ச்சிக் கழுவ ஒவ்வொரு வரிசையின் முனையிலும் திறப்பு விடவேண்டும். திறப்பு வைக்காமல் புதைத்த குழாயைப் பத்தாண்டில் மறுபடி தோண்டத்தான் வேண்டியிருக்கும்.

மேற்பரப்பும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாயவேண்டும். நூற்றுக்கு ஒன்று போதும். 34 மீட்டரில் 34 சென்டிமீட்டர். மணல் தூவித் தூவி நடுவை உயர்த்தாமல் விட்டால் ஆட்டமே நடுவைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். நனைந்த தரையில் உருளை ஓட்டக் கூடாது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும், அடியில் காற்றுத் துளை எல்லாம் மூடிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையை எந்த வடிகாலும் வெல்லாது. ஆனால் வடிகால் இருக்கும் திடல் சில நாளில் எழும், இல்லாதது பருவம் முழுக்கப் படுக்கும்.

இடைமறித்த நீரை வீணாக்கவும் வேண்டாம். ஜூன், ஜூலையில் மழை இல்லாதபோது புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் கொடுக்க அதே 1,78,500 லிட்டர் வேண்டும். ஒரு காலத்தில் நகருக்கே குடிநீர் கொடுத்த ஊற்று இது. ஒரு தொட்டியும் மோட்டாரும் இருந்தால் நகராட்சிக் குழாய்க் கட்டணம் பெருமளவு குறையும். நீரின் உப்பும் இரும்பும் முதலில் சோதிக்கப்படட்டும்.

செயற்கைப் புல் போடலாமே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். சுமை தாங்கும் என்பது உண்மை. ஆனால் டர்பன் வெயிலில் அது கொதிக்கும், எட்டு பத்து ஆண்டில் மாற்றவேண்டும், அடியில் ஊற்றுநீர் அழுத்தினால் அடித்தளம் தூக்கும். வடிகால் இல்லாமல் அதுவும் நிற்காது. வடிகால் வந்தால் அருகம்புல்லே போதும்.

கோடு போடுவதில் ஒரு சிறு விஷயம், பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடியது. மூலையைச் செங்கோணமாக்க 6, 8, 10 மீட்டர் கயிறு. நாலு மூலையும் அடித்த பிறகு குறுக்கே அளந்தால் இரு மூலைவிட்டமும் 125 மீட்டர் 10 சென்டிமீட்டர் வரவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் திடல் கோணல். கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். நனைந்தால் முழங்காலைச் சுடும், புல்லையும் கருக்கும். வெள்ளைச் சாக்பீஸ் பொடியோ திடல் பெயின்டோ போதும்.

பணம் சேர்ந்தால் நான் கேட்கும் வரிசை இது: நீர்மட்டச் சோதனை, இடைமறிப்புக் கால்வாய், ஆடுதளக் குழாய், புல், வாசல்கள். மாடம் கடைசி. நகராட்சியின் சொத்து என்பதால் எதைச் செய்தாலும் அவர்கள் பொறியாளரோடு சேர்ந்தே செய்யவேண்டும். குழாய் பதித்தபின் அளவோடு கூடிய வரைபடத்தின் ஒரு பிரதி திடல் அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். கூட்டத்துக்குப் பந்தல் போடுபவர்கள் ஒரு மீட்டர் இரும்பு முளையை அடிக்கும்போதும், விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டும்போதும்தான் நல்ல வடிகால்கள் உடைகின்றன. குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்ல ஆள் இல்லாததே அதற்குக் காரணம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில், மழை தொடங்குமுன், ஆய்வுத் தொட்டிகளைத் திறந்து கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் குழாய்களைக் கழுவும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்து வையுங்கள்.